பித்தளை மெருகிடப் பாதுகாப்பான பஃபிங் மேடை: மலையகத்தில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

ஆடி மாதம் பிறந்தால் தோட்டக் கோயில்களின் குத்துவிளக்கும் மணியும் தூபக்காலும் மெருகு கேட்டு வெளியே வந்துவிடும். தீபாவளி நெருங்கினால் வீட்டு விளக்கு, செம்பு, தாம்பாளம். கண்டி வீதியில் பிலிமத்தலாவைப் பக்கம் பித்தளைக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஆனால் பொகவந்தலாவையிலிருந்தோ பசறையிலிருந்தோ ஒரு கனத்த விளக்கைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் போய்வருவது எல்லோருக்கும் ஆகிற காரியமில்லை. ஊரிலேயே ஒரு மோட்டாரும் துணிச் சக்கரமும் இருந்தால் வேலை தேடி வரும். அப்படித் தொடங்க நினைப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பஃபிங் மெஷின், அதாவது துணிச் சக்கரத்தைச் சுற்றவிட்டு மெருகிடும் மெஷின், பார்வைக்குச் சாதுவானது. கல் சக்கரத்தைப் போலப் பொறி பறக்காது, பெரிதாகச் சத்தம் போடாது, சுற்றுவதும் வெறும் துணி. அந்தத் துணியின் வேகத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 6 அங்குலச் சக்கரம் நிமிடத்துக்கு 2850 சுற்றில் ஓடினால் அதன் விளிம்பு செக்கனுக்கு ஏறக்குறைய 23 மீற்றர் ஓடுகிறது. மணிக்கு 82 கிலோமீற்றர். சக்கரம் 8 அங்குலமானால் மணிக்கு 109 கிலோமீற்றர், ஹற்றன்–நுவரெலியா வீதியில் எந்த பஸ்ஸாலும் ஓட முடியாத வேகம். அந்த வேகத்தில் ஓடும் துணி ஒரு விளிம்பைக் கவ்வினால் பொருளைக் கையிலிருந்து பிடுங்கி எறிந்துவிடும். நமக்கு விஷயம் புரிவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

அதனால் ‘கவனமாக இரு’ என்ற ஒற்றைச் சொல்லை நம்பி இந்தத் தொழிலை யாருக்கும் சொல்லிக்கொடுக்க எனக்கு மனம் வருவதில்லை. பிடுங்கிய பொருள் எங்கே போய் விழும், அப்போது நம் உடம்பு எங்கே இருக்கும், தூசு எந்தப் பக்கம் போகும், கரண்ட் நின்று திரும்ப வந்தால் என்ன ஆகும்: மோட்டாரைப் பூட்டும் முன்பே இந்த நான்குக்கும் விடை இருக்க வேண்டும். மேடை அமைப்பது என்பது அந்த விடைகளைச் சீமெந்திலும் தகரத்திலும் செய்து வைப்பதுதான்.

இடம்

லயத்துக் காம்பராவுக்குள் வேண்டாம். இஸ்தோப்பிலும் வேண்டாம். இதில் விட்டுக்கொடுக்க எனக்கு இடமில்லை. சக்கரத்திலிருந்து உதிரும் பஞ்சில் மெழுகும் உலோகத் தூளும் ஏறியிருக்கும். அது எளிதில் தீப்பிடிக்கும், பிடித்தால் புகைந்துகொண்டே கிடக்கும். ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் குடும்பங்கள் இருக்கும் லயத்தில் ஒரு காம்பராவில் பற்றுகிற தீ அந்த ஒரு வீட்டோடு நிற்காது. தீ வராவிட்டாலும் தூசு வரும். பாயிலும் தொட்டிலிலும் சோற்றுப் பானையிலும் படியும்.

வீட்டைவிட்டுத் தள்ளி ஒரு தனிக் கொட்டகை போடுங்கள். எட்டடிக்குப் பத்தடி போதும். தரை சீமெந்தாக இருக்கட்டும். மண் தரையும் பலகைத் தரையும் மோட்டார் ஓட ஓட அதிரும், அதிர்வில் போல்ட் தளரும். விறகு, மண்ணெண்ணெய், கேஸ் சிலிண்டர் எதையும் அதே கூரையின் கீழ் வைக்காதீர்கள். கொட்டகையின் திறந்த பக்கத்தை மழைக்காற்றுக்கு எதிர்ப்பக்கம் வையுங்கள். வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று சாய்த்து அடிக்கும். பதுளை, பசறைப் பக்கம் வருட இறுதியில் வடகீழ்க் காற்று. இரண்டு சரிவுக்கும் ஒரே அமைப்பு சரிவராது.

கொட்டகைக்குள் மெஷின் எங்கே நிற்க வேண்டும்? சக்கரம் சுற்றும் நேர்கோட்டை முன்னும் பின்னும் மனதில் நீட்டிப் பாருங்கள். அந்தக் கோட்டில் கதவோ, ஆள் நடக்கும் வழியோ, கண்ணாடி ஜன்னலோ வரக்கூடாது. பிடுங்கப்பட்ட பொருள் பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் பறக்கும். மெஷினுக்குப் பின்னால் கட்டுச் சுவர் இருப்பது நல்லது. உங்கள் முதுகுக்குப் பின்னால் குறைந்தது நாலடி வெற்றிடம் வேண்டும். யாராவது பின்னால் வந்து தோளைத் தொட்டுக் கூப்பிட்டாலும் ஆபத்துத்தான். வேலை செய்பவரின் கண் நிமிர்ந்தால் கதவு தெரிகிற மாதிரி பக்கவாட்டில் வாசலை வையுங்கள். பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் பளபளப்பைப் பார்த்து நேராக உள்ளே வருவார்கள், ஆகவே வாசலுக்கு ஒரு குறுங்கதவும் கொக்கியும் போடுங்கள்.

வெளிச்சம் இரண்டு பக்கமிருந்தும் வரட்டும். பழைய டியூப் லைட் ஒன்றே ஒன்று இருந்தால் அதன் துடிப்பில் சுற்றும் சக்கரம் மெதுவாகச் சுற்றுவது போலவோ நின்றுவிட்டது போலவோ தோன்றக்கூடும். நல்ல எல்இடி பல்ப் இரண்டு மாட்டினால் தீர்ந்தது.

மோட்டாரும் தண்டும்

6 அங்குலச் சக்கரத்துக்கு அரை குதிரைவலு மோட்டார் போதும். 8 அங்குலத்துக்கு முக்கால் முதல் ஒன்று. நம் நாட்டு 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் சாதாரண மோட்டார்கள் இரண்டு வேகங்களில் கிடைக்கும்: நிமிடத்துக்கு ஏறக்குறைய 2850 சுற்று, அல்லது 1425. கடைக்காரர் வேகமானதைத்தான் எடுத்து நீட்டுவார், வேலை சீக்கிரம் முடியும் என்பார். அவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் புதிதாகத் தொடங்குபவர் 1425 மோட்டாரில் 6 அங்குலச் சக்கரம் போட்டுப் பழகுவதுதான் சரி என்பது என் முடிவு. விளிம்பு வேகம் பாதியாகிவிடுகிறது. ஒரே எடையுள்ள பொருள் பறந்தால் அதன் மோதல் சக்தி நாலில் ஒன்றாகக் குறைகிறது. மெருகு கொஞ்சம் தாமதமாக வரும், அவ்வளவுதான்.

பஃபிங்குக்கென்றே செய்த மோட்டாரின் தண்டு இரண்டு பக்கமும் நீளமாக வெளியே நீண்டிருக்கும். பெரிய விளக்கைத் திருப்பிப் பிடிக்கும்போது மோட்டார் உடம்பில் கை இடிக்காமல் இருக்க அந்த நீளம் தேவை. கல் சக்கர பெஞ்ச் கிரைண்டரை மாற்றிப் பயன்படுத்துபவர்கள் மூன்று காரியத்தைக் கட்டாயம் செய்ய வேண்டும். கருவி தாங்கும் தட்டைக் கழற்றிவிடுங்கள், துணிச் சக்கரத்துக்கும் அந்தத் தட்டுக்கும் இடையில் பொருளோ விரலோ இழுபட்டால் வெளியே எடுக்க முடியாது. தண்டை நீட்டும் கூம்புத் துண்டை முறையாகக் கடைந்ததாக வாங்கிப் பூட்டுங்கள். அதற்குப் பிறகு அந்தத் தண்டில் கல் சக்கரத்தைத் திரும்ப மாட்டவே மாட்டாதீர்கள். கல் உடைந்தால் தடுக்கும் இரும்புக் கவசம் அங்கே இப்போது இல்லை.

புரிச் சுற்றையும் பாருங்கள். இரட்டைத் தண்டு மோட்டாரில் வலப்பக்கப் புரி வழக்கமான சுற்று, இடப்பக்கப் புரி எதிர்ச் சுற்று. ஓட ஓடச் சக்கரம் தன்னைத்தானே இறுக்கிக்கொள்ள வேண்டும் என்பதற்காக அப்படி. பழைய தண்ணீர் பம்ப் மோட்டாரைக் கொண்டு வீட்டிலேயே செய்தவற்றில் இது மாறிப்போயிருந்தால் சக்கரம் ஓடும்போதே கழன்று வரும். உங்கள் தோட்டத்து தேயிலை ஸ்டோரில் வேலை செய்த பிட்டர் ஒருவர் ஓய்வில் இருந்தால், ஒரு தேத்தண்ணிக்கு அழைத்து இதைக் காட்டுங்கள். தண்டு நேராக இருக்கிறதா, பெயாரிங் ஆடுகிறதா என்பதை அவர் கையால் சுற்றிப் பார்த்தே சொல்லிவிடுவார்.

உயரம்: நிமிர்ந்து நின்று முழங்கையை மடித்தால் கை எந்த மட்டத்தில் வருகிறதோ, தண்டின் நடு அங்கே இருக்க வேண்டும். தாழ்வாக இருந்தால் குனிவீர்கள், முகம் சக்கரத்துக்குக் கிட்டே போகும்.

மேசையில் மோட்டாரை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். சக்கரம் மேசையின் முன் விளிம்பைத் தாண்டி வெளியே நிற்க வேண்டும். சக்கரத்துக்கு நேர் கீழே பலகை இருக்கக்கூடாது. மேசையின் நடுவில் மோட்டாரை வைத்தால், கீழ்நோக்கி இழுபடும் பொருளும் அதைப் பிடித்த கையும் பலகைக்கும் சக்கரத்துக்கும் நடுவில் நசுங்கும். தனிக் கம்பத்தில் மோட்டாரைப் பூட்டித் தரையில் போல்ட் அடிப்பது இதைவிட நல்லது. கீழே விழும் பொருளுக்காகத் தரையில் ஒரு தடித்த ரப்பர் விரிப்புப் போடுங்கள். துணி மெத்தை, சாக்கு, ஸ்பொஞ்ச் எதுவும் வேண்டாம், பொறி விழுந்தால் அவை தீப்பிடிக்கும்.

இனிச் சுற்றும் திசை. சக்கரத்தின் மேல்பகுதி உங்களை நோக்கி வந்து, முன்பக்கத்தில் கீழே இறங்க வேண்டும். பக்கத்தில் ஒதுங்கி நின்று ஒரு கணம் சுவிட்சைத் தட்டிப் பார்த்து உறுதி செய்யுங்கள். திசை மாறியிருந்தால் அந்த மெஷினில் வேலை தொடங்கக்கூடாது. பறக்கும் பொருள் முகத்துக்கு வரும்.

கரண்ட்

பழைய வீடுகளில் இன்னும் இருக்கும் 5 அம்பியர் உருண்டை முனை பிளக்கில் இந்த மோட்டாரைச் செருகாதீர்கள். ஒரு குதிரைவலு மோட்டார் ஓடும்போதே 5 அம்பியருக்கு மேல் இழுக்கும், தொடங்கும் நொடியில் அதைப்போலப் பல மடங்கு. கொட்டகைக்கென்று தனி வயர், தனி பிரேக்கர், 13 அம்பியர் சதுர முனை பிளக், உடைந்துபோகாத எர்த். எர்த் இல்லாத இடத்தில் வேலையைத் தொடங்காதீர்கள். மழைக்காலத்தில் இங்கே சீமெந்துத் தரையே ஈரமாக வியர்க்கும். மோட்டார் உடம்பில் கரண்ட் கசிந்தால் ஈரத் தரையில் நிற்பவர் உடம்பு வழியாகத்தான் அது இறங்கும். கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து லைனை நிறுத்தும் 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் அந்த வரிசையில் கட்டாயம் இருக்க வேண்டும். அதில் உள்ள டெஸ்ட் பொத்தானை மாதம் ஒரு தடவை அழுத்துங்கள். விழாத ட்ரிப் சுவிட்ச் இருந்தும் இல்லாததுதான். பக்கத்து லயத்திலிருந்து இழுத்த வயர், மல்டி பிளக், துணி சுற்றிய ஜொயின்ட் எல்லாம் இந்த வேலைக்கு ஆகாது. உரிமமுள்ள எலெக்ட்ரீசியன் ஒருவரைக் கொண்டே செய்யுங்கள்.

நம் பக்கத்தில் காற்றடித்து மரம் விழுந்தால் கரண்ட் போகும், சொல்லாமல் திரும்ப வரும். சாதாரண சுவிட்ச் போட்ட மோட்டார் அப்போது தானாக ஓடத் தொடங்கும். நீங்கள் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருக்கலாம். ஒரு பிள்ளை அதைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். அதனால் சாதாரண சுவிட்சுக்குப் பதிலாக பச்சை, சிவப்புப் பொத்தான் உள்ள மோட்டார் ஸ்டார்ட்டர் ஒன்றை வாங்குங்கள். கரண்ட் போனால் அது விழுந்துவிடும், மறுபடி பச்சையை அழுத்தினால்தான் ஓடும். மோட்டார் அளவுக்கு மீறிச் சூடாகாமல் காக்கும் அமைப்பும் அதில் சேர்ந்தே வரும். இந்த மேடைக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு பொருளுக்குத்தான் முதலிடம் என்றால் நான் இதற்கே கொடுப்பேன். சிவப்புப் பொத்தானை முழங்கால் உயரத்தில், கையை விடாமலே தட்டக்கூடிய இடத்தில் பூட்டச் சொல்லுங்கள். இரண்டு கையும் பொருளில் இருக்கும் தொழில் இது.

நீண்ட லைனின் கடைசியில் இருக்கும் வீடுகளில் மாலை நேரம் வோல்ட் இறங்கும். மோட்டார் முனகிக்கொண்டு சுற்றாமல் நின்றால் உடனே நிறுத்துங்கள், கையால் தள்ளிச் சுற்றவிடாதீர்கள். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை வரும் நாட்களில் முதல் முழக்கம் கேட்டதும் பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

தூசு

பித்தளைக்கும் செம்புக்கும் முதலில் பிடிக்கும் பழுப்புக் கட்டி, கடையில் பஃபிங் சோப் என்று கேட்டால் கொடுப்பது, பெரும்பாலும் ட்ரிப்போலி. அதில் சிலிக்கா உண்டு. நுண்ணிய சிலிக்கா வருடக்கணக்கில் நுரையீரலில் சேர்ந்தால் திரும்பாத நோய் வரும். பித்தளையில், குறிப்பாகப் பழைய வார்ப்புப் பித்தளையில், ஈயம் கலந்திருக்கலாம். துருப்பிடிக்காத எஃகின் தூளில் குரோமியமும் நிக்கலும். கூடவே பஞ்சு. துணியை வாயில் கட்டிக்கொண்டு வேலை செய்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்கும். துணி நுண்தூளை நிறுத்தாது. குறைந்தது என்95 மாஸ்க், முகத்தோடு ஒட்டி இருக்க வேண்டும். தாடி இருந்தால் ஓரத்தில் இடைவெளி விழும்.

மாஸ்க் கடைசிக் காவல்தான். முதல் காவல், தூசு பிறக்கும் இடத்திலேயே அதைப் பிடிப்பது. சக்கரத்தின் பின்புறத்தையும் அடிப்புறத்தையும் மூடுகிற மாதிரி தகரத்தில் ஒரு கூடு செய்யுங்கள், உங்களைப் பார்க்கும் பக்கம் திறந்திருக்கட்டும். சக்கரம் முன்பக்கத்தில் கீழ்நோக்கி ஓடுவதால் தூசு தானாகவே அந்தக் கூட்டுக்குள் அடிபடும். கூட்டின் அடியிலிருந்து நாலு அல்லது ஆறு அங்குலத் தகரக் குழாய். பிவிசி குழாய் மலிவு, ஆனால் உலர்ந்த தூசு ஓடும்போது அதில் நிலைமின்சாரம் ஏறும், நெருப்பும் தாங்காது. குழாய் முதலில் ஒரு மூடிய பீப்பாய்க்குள் போய், அங்கே கனத்த தூசும் பஞ்சும் விழுந்த பிறகே காற்றை இழுக்கும் ப்ளோவர் ஃபேனுக்குப் போக வேண்டும். நேராக ஃபேனுக்கு விட்டால் ஃபேன் மோட்டாரிலேயே பஞ்சு சுற்றித் தீப்பிடிக்கும். பித்தளை, செம்புக்கு மட்டும் என்றால் பீப்பாயின் அடியில் ஓரடி தண்ணீர் விட்டு வைக்கலாம். வீட்டு வெக்கூம் க்ளீனரை இதற்குக் கொண்டுவராதீர்கள்.

அலுமினியத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மெஷின் வைத்த வாரத்திலேயே யாராவது கேத்தலையும் சட்டியையும் கொண்டுவருவார்கள். முதல் வருடம் வாங்காதீர்கள். அலுமினியத் தூள் காற்றில் கலந்து பொறி கிடைத்தால் வெடிக்கும். ஈரமான தூள் ஐதரசன் வாயுவை விடும், ஆகவே தண்ணீர்ப் பீப்பாய் இங்கே ஆபத்து. இரும்புத் துருவோடு கலந்து பற்றினால் அந்தச் சூடு இரும்பையே உருக்கும். அலுமினியத் தீயில் தண்ணீர் ஊற்றக்கூடாது, உலர்ந்த மணல்தான். இதற்கெல்லாம் தனிக் கூடு, தனிக் குழாய், தனிச் சக்கரம் வேண்டும். அதெல்லாம் அமையும்வரை ‘இங்கே அலுமினியம் எடுப்பதில்லை’ என்று எழுதி மாட்டிவிடுங்கள்.

உடம்பில் இருப்பது

நுவரெலியாவில் ஜனவரி காலையில் ஸ்வெட்டர் இல்லாமல் நிற்க முடியாது, உண்மை. ஆனால் தளர்ந்த கம்பளிக் கையும் கழுத்தில் தொங்கும் மஃப்ளரும் ஒரு முறை தண்டில் சுற்றினால் போதும். உள்ளே இறுக்கமான பனியன் இரண்டு போட்டு, மேலே பொத்தான் பூட்டிய இறுக்கமான கைச் சட்டை, அதற்கு மேல் முதுகில் கட்டும் தோல் ஏப்ரன். சேலை கட்டி இந்த வேலை செய்ய முடியாது. சுடிதாரானால் துப்பட்டாவைக் கழற்றி வையுங்கள். பின்னலை உயரக் கட்டித் தொப்பிக்குள் விடுங்கள். தாலி, செயின், அட்டியல் எல்லாம் சட்டைக்குள்ளே. மோதிரம், வளையல், கைக்கடிகாரம் வேண்டாம். கோயிலில் கட்டிய மணிக்கட்டுக் கயிற்றைக் கழற்ற மனம் வராதவர்கள், அதை இறுக்கமான சட்டைக் கையின் உள்ளே தள்ளி, மேலே ரப்பர் பட்டி போட்டுக்கொள்ளுங்கள்.

கையுறை போடலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். வேண்டாம். நூல் கையுறையோ கம்பளிக் கையுறையோ சக்கரத்தில் பட்டால் விரலோடு சேர்த்து இழுக்கும். பொருள் சூடானால் நிறுத்தி ஆறவிடுங்கள், அல்லது பக்கத்து வாளித் தண்ணீரில் முக்கித் துடைத்துத் திரும்ப எடுங்கள். விரல் நுனிக்கு மட்டும் போடும் தோல் உறை கிடைத்தால் பயன்படுத்தலாம், இழுத்தால் அது தனியாகக் கழன்று போய்விடும்.

கண்ணுக்குப் பக்கம் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி, அதற்கு மேல் முகத்தை மறைக்கும் கவசம். பார்வைக் கண்ணாடி அதற்குப் பதிலாகாது. பாட்டாச் செருப்பு வேண்டாம், மூடிய சப்பாத்து. குத்துவிளக்கின் அடிப்பாகம் காலில் விழுந்தால் என்ன ஆகும் என்று தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். விறைத்த கையோடு வேலையைத் தொடங்காதீர்கள். குளிரில் விரல் மரத்திருந்தால் பிடியின் பலம் தெரியாது. மெஷினின் அதிர்வும் குளிரும் சேர்ந்தால் காலப்போக்கில் விரல்கள் வெளிறி மரக்கும் நோயும் வரும். வெந்நீரில் கையைச் சூடாக்கித் துடைத்துவிட்டு நில்லுங்கள்.

வெற்றிலை போடுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தக் கொட்டகைக்குள் வேண்டாம். ஈயத் தூள் பட்ட விரல் சுண்ணாம்பைத் தொட்டு வாய்க்குப் போகிறது. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, வெளியே போய், பிறகு போடுங்கள். தேத்தண்ணியும் அப்படியே. வேலைச் சட்டையை மாற்றிவிட்டே வீட்டுக்குள் போங்கள், அதைப் பிள்ளைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள்.

முதல் வேலை

புதுச் சக்கரம் மாட்டியதும் பக்கத்தில் ஒதுங்கி நின்று ஒரு நிமிடம் வெறுமனே ஓடவிடுங்கள். நூல் பறக்கும், ஆட்டம் இருந்தால் தெரியும். நீண்டு நிற்கும் நூலை, நிறுத்தி, சக்கரம் முழுவதும் நின்ற பிறகு, கத்தரியால் வெட்டுங்கள். சுவிட்ச் அணைத்த பின்னும் சக்கரம் வெகுநேரம் சுற்றும். அதைக் கையாலோ கட்டையாலோ நிறுத்தப் பார்க்காதீர்கள். சோப்பைச் சக்கரத்தின் கீழ்ப்பாதியில் மெதுவாகத் தொட்டு எடுங்கள், மெல்லிய பூச்சு போதும். ஒரு சோப்புக்கு ஒரு சக்கரம். பழுப்புக்குப் போட்டதில் மெல்லிய மெருகுச் சோப்பைப் போட்டால் கீறல்தான் விழும். எது எதற்கு என்று சக்கரத்திலேயே எழுதி வையுங்கள்.

பொருளை எங்கே பிடிப்பது? பக்கத்திலிருந்து பார்ப்பவருக்குச் சக்கரம் ஒரு கடிகாரம் என்றும் நீங்கள் மூன்று மணிப் பக்கம் நிற்கிறீர்கள் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். பொருள் படவேண்டிய இடம் நாலு மணி. தண்டின் மட்டத்துக்கு மேலே ஒருபோதும் போகக்கூடாது. அங்கே சக்கரம் உங்களை நோக்கி வருகிறது. நாலு மணியில் கவ்வினால் பொருள் கீழே, கூட்டுக்குள் போய் விழும்.

அடுத்தது விளிம்பு. எந்தப் பொருளுக்கும் மேல் விளிம்பு, கீழ் விளிம்பு உண்டு. ஓடும் துணி பொருளின் நடுவில் ஏறிக் கீழ் விளிம்பைத் தாண்டி வெளியேற வேண்டும். மேல் விளிம்பில் மோதி ஏறக்கூடாது. பொருளின் கீழ்ப்பாதியை மட்டும் மெருகிட்டு, பிறகு தலைகீழாகத் திருப்பி மற்றப் பாதியைச் செய்வதுதான் வழி. பல விபத்துகள் ‘இன்னும் கொஞ்சம்தானே’ என்று மேல் விளிம்புவரை போவதில் நடக்கின்றன.

கால்களை அகட்டி, ஒரு கால் முன்னே, உடம்பைச் சக்கரத்தின் கோட்டிலிருந்து சற்று விலக்கி நில்லுங்கள். இரண்டு கையாலும் பிடியுங்கள், ஆனால் விரலை எந்த வளையத்திலும் ஓட்டையிலும் கோத்துப் பிடிக்காதீர்கள். அழுத்த வேண்டாம். வேலை செய்வது வேகமும் சோப்பும்தான். பொருள் இழுபட்டால் விட்டுவிடுங்கள். இதை மெஷின் ஓடாதபோது, யாராவது ஒருவரை இழுக்கச் சொல்லி, விட்டுப் பழகுங்கள். பொருளைக் காப்பாற்ற நினைக்கும் கைதான் உள்ளே போகும். விளக்கை நிமிர்த்திவிடலாம்.

பழகுவதற்கு ஒரு கனத்த செம்பு எடுங்கள். உருண்டை, விளிம்பு குறைவு, கைக்கு அடங்கும். அடுத்து குத்துவிளக்கின் தண்டு. விளக்கை முழுதாகப் பிடிக்காதீர்கள். புரியைக் கழற்றி, அடி, தண்டு, அகல், உச்சி என்று தனித்தனியாகச் செய்யுங்கள். தாம்பாளம் நாள் பல பழகிய பிறகு. அகலமும் மெலிவும் சேர்ந்த பொருள், விளிம்பைச் சக்கரம் கவ்வினால் தட்டு கத்தியாகிவிடும். பலகையில் ஆணி வரம்பு அடித்து, தட்டை அதில் படுக்கவைத்துப் பலகையோடு பிடியுங்கள். செயினைக் கையில் தொங்கவிட்டு ஒருபோதும் காட்டாதீர்கள், பலகையைச் சுற்றி இறுக்கிக் கட்டிய பிறகே. கோயில் வேல், சூலம், திருவாசி போல முனையும் துவாரமும் உள்ளவற்றை மெஷினில் எடுக்கவே வேண்டாம். புளியும் சாம்பலும் போட்டுக் கையால் தேய்ப்பது தாமதம்தான். ஆனால் நுண்ணிய வேலைப்பாடு தேயாமல் இருக்கும், ஐயருக்கும் அதுதான் பிடிக்கும். பழைய விளக்குகளின் எழுத்தையும் பூவேலையையும் சக்கரம் அழித்துவிடும், பிறகு யாராலும் திருப்பித் தர முடியாது.

தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைக் கொண்டுவந்து ‘அண்ணே, கொஞ்சம் பளிச்சின்னு ஆக்கிக் குடுங்க’ என்பார்கள். கத்திதான் இந்த மேடைக்கு வரும் பொருள்களில் மிக ஆபத்தானது. வளைந்த நுனி, கூரான வாய், ஓடும் துணி. புதியவர்கள் மறுத்துவிடுங்கள். அனுபவம் வந்த பின்னும், வாய்ப்பக்கம் எப்போதும் கீழ்நோக்கி, துணி வாயைத் தாண்டி வெளியேறும்படி. இரும்பு பொறி விடும். அதனால் இரும்பு எடுக்கும் முன் கூட்டிலுள்ள பஞ்சை முழுக்கத் துடைத்தெடுங்கள்.

வேலை முடியும் போது

மூடுவதற்கு அரை மணி முன்பே மெஷினை நிறுத்துங்கள். கூட்டுக்குள் விழுந்த ஒரு பொறி பஞ்சில் சத்தமில்லாமல் மணிக்கணக்கில் புகைந்து, ஆள் போன பிறகு தீயாகும். அந்த அரை மணியில் பிளக்கைக் கழற்றி, கூட்டையும் குழாயின் வாயையும் ஈரத் துணியால் துடைத்து, தரையை ஈரமாக்கிக் கூட்டுங்கள். உலர்ந்த விளக்குமாறு தூசை மறுபடி மூக்குக்கு ஏற்றும். எண்ணெய்த் துணிகளை மூடியுள்ள தகர டின்னில் போடுங்கள். ஒரு வாளி மணல், ஒரு வாளி தண்ணீர், முடிந்தால் ஒரு உலர்தூள் தீயணைப்பான் வாசலருகே இருக்கட்டும், மெஷினுக்குப் பின்னால் வேண்டாம்.

சேர்ந்த தூசை எங்கே கொட்டுவது என்பதில் ஊருக்கே பங்கு இருக்கிறது. பீலிக்கு மேலே, கானுக்குள், மரக்கறிப் பாத்தியில், தேயிலைச் செடியடியில் கொட்டாதீர்கள். ஈயமும் செம்பும் மழையோடு இறங்கி, கீழ் லயத்துக்காரர்கள் குடிக்கும் தண்ணீரில் சேரும். பீப்பாயின் தண்ணீரை அசையாமல் தெளியவிட்டு, அடியிலுள்ள சேற்றை உலர்த்தித் தடித்த பையில் கட்டிச் சேர்த்து வையுங்கள். பழைய பித்தளை வாங்கும் இடங்களில் தூளையும் எடுப்பார்களா என்று கேளுங்கள்.

சக்கரங்களை மழைக்காலத்தில் சுவரில் தொங்கவிட்டால் ஈரம் இழுத்துப் பூஞ்சணம் பிடிக்கும். ஒரு பக்கம் கனத்துப்போன சக்கரம் ஆடும். மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். ஈரமானதை வெயிலில் உலர்த்திய பிறகே மாட்டுங்கள், அடுப்புக்கு மேலே கட்டி உலர்த்த வேண்டாம்.

தனியாக இருக்கும்போது மெஷினை ஓட்டாதீர்கள். கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஒருவர் இருக்கட்டும், சிவப்புப் பொத்தான் எங்கே என்று அவருக்குக் காட்டி வையுங்கள். சுட்ட விரலை 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் பிடிக்க வேண்டும், பற்பசை பூசக்கூடாது. கண்ணில் தூள் விழுந்தால் தேய்க்காமல் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். கண்ணில் ஏதாவது குத்தி நின்றால் பிடுங்காமல், அழுத்தாமல் மூடி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சுவசெரிய அம்புலன்ஸுக்கு 1990, தீயணைப்புக்கு 110. இந்த இரண்டு எண்ணோடு தோட்டத்தின் பெயர், டிவிஷன், எந்த லயத்துக்குப் பக்கத்தில், வாகனம் எந்தச் சந்தியில் திரும்ப வேண்டும் என்பதையும் சிங்களத்திலும் தமிழிலும் பெரிய எழுத்தில் எழுதிக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். போன் பண்ணுகிறவர் பதற்றத்தில் இருப்பார். அவர் அதைப் பார்த்து வாசித்தால் போதும்.